ஆப்பிள் 1995–98: நட்டக் கணக்கும் தலைப்புச் செய்தியும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1996, 1997 ஆகிய இரண்டு நிதியாண்டுகளிலும் சேர்த்து ஆப்பிள் கம்ப்யூட்டர் நிறுவனம் 186 கோடி டாலர் நிகர நட்டம் காட்டியது. அந்த நாட்களில் அமெரிக்கப் பத்திரிகைகளைப் புரட்டினால், நிறுவனத்தின் பெயருக்கு முன்னால் ‘தத்தளிக்கும்’ என்ற பொருளில் ஓர் அடைமொழி அநேகமாக ஒட்டிக்கொண்டே வரும். எழுதியவர்கள் நியாயமாக எழுதினார்களா, நாடித் துடிப்பு இருந்தபோதே கருமாதிப் பத்திரிகை அடித்துவிட்டார்களா என்ற வாக்குவாதம் அன்றே கிளம்பியது. இன்றும் அது ஓயவில்லை. அந்த வாக்குவாதத்தில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு, கணக்கு ஏட்டை அருகில் வைத்துக்கொண்டு இங்கே பதில் சொல்கிறோம்.

ஒன்றை முதலிலேயே மனதில் வைக்க வேண்டும். ஆப்பிளின் நிதியாண்டு செப்டம்பர் கடைசியில் முடியும். ‘1996 நிதியாண்டு’ என்றால் 1995 அக்டோபர் தொடங்கி 1996 செப்டம்பர் வரை. இதைக் காலண்டர் ஆண்டோடு குழப்பிக்கொண்டு எழுதிய கட்டுரைகள் ஏராளம். டிசம்பர் பண்டிகை விற்பனை எந்த ஆண்டுக் கணக்கில் விழுகிறது என்பதே அதில் புரண்டுவிடும்.

சிக்கல் எப்போது தொடங்கியது? விற்பனை படுத்துவிட்டதாலா?

இல்லை. இதைத்தான் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். 1995 நிதியாண்டில் ஆப்பிளின் விற்பனை 1,106 கோடி டாலர், லாபம் 42.4 கோடி. அடுத்து வந்த அக்டோபர்–டிசம்பர் 1995 காலாண்டில் விற்பனை சுமார் 315 கோடி டாலர். முந்தைய ஆண்டின் அதே காலாண்டைவிட 11 சதவீதம் அதிகம். ஆனாலும் அந்தக் காலாண்டில் 6.9 கோடி டாலர் நட்டம்.

மொத்த லாப விகிதம் ஏறக்குறைய 29 சதவீதத்திலிருந்து 15 சதவீதத்துக்கு இறங்கியதுதான் காரணம். நூறு டாலருக்கு விற்றால் பொருளின் அடக்கவிலை போக 29 டாலர் மிஞ்சிய இடத்தில் 15 டாலர்தான் மிஞ்சியது. அதற்குள்தான் சம்பளம், விளம்பரம், ஆராய்ச்சி எல்லாம். விண்டோஸ் 95 வந்த நேரம் அது. ஜப்பானில் கடும் விலைப்போர். விலையைக் குறைத்தால் இன்னொரு செலவும் உண்டு: டீலரின் கடையில் ஏற்கெனவே கிடக்கும் பெட்டிகளுக்கு, பழைய விலைக்கும் புது விலைக்கும் உள்ள வித்தியாசத்தை நிறுவனமே ஈடுகட்ட வேண்டும்.

1996 ஜனவரி–மார்ச்சில் 74 கோடி டாலர் நட்டம். ஒரே காலாண்டில் அவ்வளவு எப்படி?

பிரித்துப் பார்த்தால் விளங்கும். வரிக்குப் பிந்தைய கணக்கில், 38.8 கோடி விலைபோகாத சரக்கின் மதிப்பைக் குறைத்து எழுதியதும் அதைச் சார்ந்த செலவுகளும். 13 கோடி ஆள்குறைப்பு, மறுசீரமைப்புச் செலவு. மீதி சுமார் 22 கோடிதான் அன்றாட வியாபாரத்தின் நட்டம்.

சரக்கு விஷயத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். 1995 கோடையில் வாடிக்கையாளர்கள் கேட்ட பவர் மேக்கின்டாஷ் மாடல்களைக் கொடுக்க முடியாமல் ஆப்பிள் திணறியது. நிறைவேறாத ஆர்டர்கள் 100 கோடி டாலர் அளவுக்குத் தேங்கின. அடுத்த பண்டிகைக் காலத்தில் அந்தத் தவறு எதிர்ப்பக்கம் சாய்ந்தது. மலிவு விலைப் பெர்ஃபார்மா மாடல்களை அளவுக்கு மீறிச் செய்து குவித்தார்கள். விற்கக்கூடியது கடையில் இல்லை, கடையில் இருப்பது விற்கவில்லை. தீபாவளிக்கு வாங்கிப் போட்ட துணி பொங்கலுக்கும் அலமாரியில் கிடந்தால் ஜவுளிக்கடைக்காரர் என்ன செய்வார்? வாங்கிய விலைக்குக் கீழே தள்ளிவிடுவார். கணக்கியல் விதி அதை இன்னும் கண்டிப்பாகச் சொல்கிறது: விற்கும் வரை காத்திருக்காதே, அடக்கவிலைக்குக் கீழேதான் போகும் என்று தெரிந்த அன்றே நட்டத்தை எழுது. உதாரணத்துக்கு, 1,000 டாலர் அடக்கமான ஒரு கணினி 700 டாலருக்குத்தான் போகும் என்றால், அந்த 300 டாலர் இந்தக் காலாண்டிலேயே நட்டம். பணம் கையை விட்டுப் போனதோ, அதைச் செய்ய உதிரிபாகம் வாங்கிய பல மாதங்களுக்கு முன்பு.

‘மூன்று மாதத்தில் 74 கோடியை எரித்தது’ என்று எழுதினால் அதனால்தான் தவறு. நட்டம் 74 கோடி என்பது உண்மை. அவ்வளவு ரொக்கம் அந்த மூன்று மாதத்தில் கரையவில்லை.

அப்படியானால் நிறுவனம் ஒருபோதும் உண்மையான ஆபத்தில் இருக்கவில்லையா?

இருந்தது. 1996 வசந்த காலம்தான் அது. 1995 செப்டம்பர் இறுதியில் ரொக்கமும் குறுகிய கால முதலீடும் சேர்ந்து 95.2 கோடி டாலர். அதற்கு எதிராக வங்கிகளிடம் வாங்கிய குறுகிய காலக் கடன் 46.1 கோடி. குறுகிய காலக் கடன் என்பது வங்கி ‘இனிப் புதுப்பிக்க மாட்டேன்’ என்றால் உடனே கட்ட வேண்டிய பணம். இந்த நிலையில் இரண்டு காலாண்டு நட்டம் வந்து விழுந்தது. ஈவுத்தொகை நிறுத்தப்பட்டது, கடன்தர நிறுவனங்கள் தரத்தைக் குறைத்தன, ஆப்பிளையே சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்ற கணினி நிறுவனத்துக்கு விற்க நடந்த பேச்சு முறிந்தது. பிப்ரவரியில் தலைமை நிர்வாகி மைக்கேல் ஸ்பிண்ட்லர் போய் கில் அமேலியோ வந்தார்.

ஏப்ரலில் நிதிப் பொறுப்பை ஏற்ற ஃபிரெட் ஆண்டர்சனும் அமேலியோவும் சேர்ந்து ஜூன் மாதம் 66.1 கோடி டாலருக்கு மாற்றத்தக்க கடன்பத்திரம் வெளியிட்டார்கள். வட்டி 6 சதவீதம், முதிர்வு 2001, பங்கு ஒன்றுக்குச் சுமார் 29 டாலர் விலையில் பங்காக மாற்றிக்கொள்ளும் உரிமை. அதிகம் பேசப்படாத இந்தப் பத்திரம்தான் ஆப்பிளுக்கு ஐந்து ஆண்டு மூச்சு வாங்கிக் கொடுத்தது. கடைசியில் அந்தக் கடன் ரொக்கமாகத் திரும்பிப் போகவே இல்லை. 1999இல் ஏறக்குறைய முழுவதும் பங்காக மாறிவிட்டது.

1997 நிதியாண்டில் நட்டம் 104.5 கோடி. ஆனால் ரொக்கம் 174.5 கோடியிலிருந்து 145.9 கோடிக்குத்தானே குறைந்தது? மீதி எங்கே?

இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் மிகக் குறைவு. கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வியே இதுதான்.

ஒன்று, நட்டத்தில் 37.5 கோடி, ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் என்ற கணினி மென்பொருள் நிறுவனத்தை வாங்கிய விலையில் ‘நடந்துகொண்டிருக்கும் ஆராய்ச்சி’ என்ற தலைப்பில் ஒரேயடியாகக் கழித்தது. நெக்ஸ்டுக்காக 30 கோடி டாலருக்கு மேல் ரொக்கமாகவே போயிற்று. அதாவது அந்த ஆண்டு குறைந்த மொத்த ரொக்கத்தைவிட நெக்ஸ்டுக்குக் கொடுத்தது அதிகம்.

இரண்டு, வியாபாரம் சுருங்கும்போது ரொக்கம் விடுபடும். விற்பனை குறைந்தால் வரவேண்டிய பாக்கியும் குறையும்: 149.6 கோடியிலிருந்து 103.5 கோடி. சரக்கு இருப்பு 66.2 கோடியிலிருந்து 43.7 கோடி. இரண்டும் சேர்ந்து சுமார் 68.6 கோடி டாலரைப் பெட்டிக்குக் கொண்டுவந்தன. சப்ளையர்களுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கியும் அதே ஆண்டு பத்து கோடிக்கு மேல் குறைந்ததால், முழுத் தொகையும் நிற்கவில்லை.

ஆப்பிள் ரசிகர்கள் கவனிக்கத் தவறிய இடமும் இதிலேயே இருக்கிறது. வீட்டில் கிடந்த நெல்லை விற்றுச் செலவு பார்ப்பது மாதிரிதான் இது. குதிர் காலியானால் திரும்பச் செய்ய முடியாது. இருப்பு 43.7 கோடிக்கு வந்த பிறகு அடுத்த ஆண்டும் அதே வழியில் அவ்வளவு ரொக்கம் எடுக்க இடமில்லை. விற்பனையோ ஒரே ஆண்டில் 28 சதவீதம் விழுந்து 708.1 கோடிக்கு வந்திருந்தது. ரொக்கம் இருக்கிறது, கவலை வேண்டாம் என்ற வாதம் 1997க்குச் சரி. 1999ஐ நினைத்தால் போதாது.

‘90 நாளில் திவாலாகியிருப்போம்’ என்று ஸ்டீவ் ஜாப்ஸே சொன்னாரே?

2010இல் ஒரு மேடையில் சொன்னார். 1997 செப்டம்பர் இருப்புநிலைக் குறிப்பு, அதாவது அன்றைய சொத்தையும் கடனையும் காட்டும் ஏடு, அதை ஆதரிக்கவில்லை. கையில் 145.9 கோடி டாலர். குறுகிய காலக் கடன் 2.5 கோடிக்கு இறங்கிவிட்டது. நீண்ட காலக் கடனில் 66.1 கோடிக்கு 2001 வரையும், 1994இல் வாங்கிய 30 கோடிக்கு 2004 வரையும் அவகாசம். 90 நாளில் கழுத்தை நெரிக்க வரக்கூடிய கடன்காரர் யாரும் அந்த ஏட்டில் இல்லை. 1996 வசந்தத்தைப் பற்றி அப்படிச் சொல்லியிருந்தால் நம்பலாம். ஜாப்ஸ் வந்தபோது பணப்பிணிக்கு ஆண்டர்சன் ஏற்கெனவே வைத்தியம் பார்த்திருந்தார்; மீதமிருந்தது பொருள் பிணி.

மைக்ரோசாஃப்டின் 15 கோடி டாலர்தான் ஆப்பிளைக் காப்பாற்றியதா?

பணமாக இல்லை. 1997 ஆகஸ்ட் 6 அன்று பாஸ்டனில் நடந்த மேக்வேர்ல்ட் கண்காட்சியில் அறிவித்தபோது ஆப்பிளிடம் சுமார் 120 கோடி இருந்தது. 15 கோடி அதில் எட்டில் ஒரு பங்கு. மைக்ரோசாஃப்ட் வாங்கியது வாக்குரிமை இல்லாத முன்னுரிமைப் பங்கு. மூன்று ஆண்டு விற்க முடியாது. உண்மையான மதிப்பு கூடவே வந்த இரண்டில் இருந்தது: மேக்குக்கு ஐந்து ஆண்டு ஆஃபீஸ் (வேர்டு, எக்செல் அடங்கிய அலுவலக மென்பொருள்) வெளியிடுவதாக உறுதி, காப்புரிமைச் சண்டைக்கு முடிவு. ஆஃபீஸ் வராது என்றால் எந்த அலுவலகமும் மேக் வாங்காது. அன்று ஒரே நாளில் பங்கு விலை 19.75 டாலரிலிருந்து 26.31க்கு ஏறியதும் அந்த உறுதிக்காகத்தான் என்பது எங்கள் கணிப்பு. ‘போட்டியாளர் பிச்சை போட்டுப் பிழைக்க வைத்தார்’ என்ற தலைப்பு கவர்ச்சியானது, கணக்குக்குப் பொருந்தாதது.

சரி, பத்திரிகைகள் நியாயமாக எழுதினவா இல்லையா?

செய்தியில் பெரும்பாலும் ஆம். முடிவுரையில் இல்லை.

நட்டத் தொகைகள், ஆள்குறைப்பு எண்ணிக்கைகள் (1996 ஜனவரியில் 1,300 பேர், 1997 மார்ச்சில் 2,700 முழுநேர ஊழியர்கள்), ஆப்பிள் உருவாக்கிவந்த கோப்லாண்ட் என்ற புது இயங்குதளம் 1996 ஆகஸ்டில் கைவிடப்பட்டது எல்லாமே நடந்தவை. இவற்றை முதல் பக்கத்தில் போட்டதற்காக யாரையும் குறை சொல்ல முடியாது.

குறை மூன்று இடத்தில் இருக்கிறது. முதலாவது, அடைமொழி. ஒருவரைப் பற்றி எழுதும்போதெல்லாம் ‘நோயாளி இன்னார்’ என்று தொடங்கினால், அவர் நடந்து வந்த செய்தியும் நோய்ச் செய்தியாகவே படியும். 1996 ஜூலை–செப்டம்பர் காலாண்டில் ஆப்பிள் 2.5 கோடி லாபம் காட்டியபோதும் அடைமொழி உதிரவில்லை.

இரண்டாவது, காலம் தப்பிய உரத்த குரல். பிசினஸ்வீக் 1996 பிப்ரவரியில் ‘ஓர் அமெரிக்கச் சின்னத்தின் வீழ்ச்சி’ என்று அட்டை போட்டது. பண நெருக்கடி உச்சத்தை நோக்கிப் போன நேரம், ஆகவே பொருத்தம். வயர்ட் 1997 ஜூன் இதழ் ஆப்பிள் சின்னத்தைச் சுற்றி முள்முடி வரைந்து கீழே ‘பிரார்த்தியுங்கள்’ என்று ஒற்றைச் சொல் போட்டது. அப்போது பண நெருக்கடி தணிந்து ஓராண்டு ஆகியிருந்தது. சொல்லப்பட வேண்டியது விற்பனைச் சரிவு; சொல்லப்பட்டது சாவு. நியாயமாகப் பார்த்தால் அதே இதழில் நிறுவனத்தைக் காப்பாற்ற 101 யோசனைகளும் இருந்தன. பலர் அட்டையோடு நின்றுவிட்டார்கள்.

மூன்றாவது, ஒற்றைச் சம்பவத்தைக் குணமாக்குவது. பவர்புக் 5300 மடிக்கணினியின் லித்தியம் அயனி பேட்டரி விஷயம் இதற்குச் சான்று. தீப்பிடித்தவை இரண்டு: ஒன்று ஆப்பிள் ஊழியர் ஒருவரின் வீட்டில், இன்னொன்று சிங்கப்பூர் தொழிற்சாலையில். பேட்டரியை நிக்கல் மெட்டல் ஹைட்ரைடுக்கு மாற்றிய பிறகுதான் பரவலான விற்பனை நடந்தது. ஆனால் ‘தீப்பிடிக்கும் மடிக்கணினி’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. வாங்கியவர்களை உண்மையில் அலைக்கழித்தது வேறு: திரைச் சட்டத்தின் பிளாஸ்டிக் விரிசல் உள்ளிட்ட கோளாறுகள். அவற்றுக்காக 1996இல் ஆப்பிள் இலவசப் பழுதுபார்ப்புத் திட்டம் அறிவிக்க வேண்டிவந்தது. நெருப்பு செய்தியானது, விரிசல் ஆகவில்லை. தரக்கட்டுப்பாட்டைப் பற்றி விரிசல்தான் அதிகம் சொல்லும்.

‘ஐபிஎம் எட்டு மடங்கு நட்டப்பட்டபோது இப்படியா எழுதினார்கள்?’

1993இல் ஐபிஎம் நட்டம் சுமார் 810 கோடி டாலர். விற்பனை 6,270 கோடி. விகிதம் 13 சதவீதம். ஆப்பிளுக்கு 1997 நிதியாண்டில் 14.8 சதவீதம். விகிதத்தில் இரண்டும் பக்கத்துப் பக்கம்தான். ஆனால் ஐபிஎம் விற்பனை அந்த ஆண்டு 3 சதவீத அளவில்தான் இறங்கியது, ஆப்பிளுக்கு 28. ஆகவே இந்த ஒப்பீடு ரசிகர்கள் நினைத்த அளவுக்கு அவர்களுக்கு உதவாது. ஐபிஎம்மையும் அந்நாளைய பத்திரிகைகள் விட்டுவைக்கவில்லை.

கெட்ட செய்தியே நட்டத்தைப் பெருக்கியது என்பது உண்மையா?

ஓரளவு உண்மை. நிறுவனத்தின் எதிர்காலம், மேக்கின்டாஷின் நிலைப்பு பற்றி வாடிக்கையாளர்களுக்கு இருந்த கவலையை விற்பனைச் சரிவின் காரணங்களில் ஒன்றாக ஆப்பிளின் ஆண்டறிக்கைகளே குறிப்பிட்டன. வழி இதுதான்: கணினி வாங்குபவர் பெட்டியை மட்டும் வாங்குவதில்லை, அடுத்த நான்கைந்து ஆண்டுக்கான மென்பொருளையும் உதிரிபாகத்தையும் நம்பி வாங்குகிறார். நிறுவனம் போய்விடும் என்று படித்த அலுவலகக் கொள்முதல் அதிகாரி இந்த ஆண்டு ஆர்டரைத் தள்ளிவைப்பார். விற்பனை குறைவதைப் பார்த்து மென்பொருள் நிறுவனம் மேக் பதிப்பைத் தாமதப்படுத்தும். அது அடுத்த செய்தியாகும். சிமென்ட் ஆலையைப் பற்றிக் கெட்ட செய்தி வந்தால் சிமென்ட் விற்காமல் போவதில்லை. கணினித் தளத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. இதனால் செய்தியாளர் நட்டத்தை மறைக்க வேண்டும் என்றாகாது. ‘திவால்’ போன்ற சொல்லை இருப்புநிலைக் குறிப்பைப் பார்க்காமல் எழுதக்கூடாது என்றுதான் ஆகும்.

‘மூடிவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுப்பேன்’ என்று மைக்கேல் டெல் சொன்னது நியாயமான யோசனையா?

1997 அக்டோபர் 6, ஆர்லாண்டோ. ஆப்பிளைக் கையில் கொடுத்தால் என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்கு, போட்டிக் கணினி நிறுவனமான டெல்லின் தலைவர் தந்த பதில். கணக்குப் போடலாம்: பங்குதாரர் நிதி 120 கோடி, பங்குகள் சுமார் 12.8 கோடி. ஏட்டு மதிப்பில் பங்குக்கு 9.40 டாலர் கிடைக்கும். மூடும் செலவு போனால் இன்னும் குறையும். அன்று சந்தையில் பங்கு விலை 20 டாலருக்கு மேல். மூடினால் பங்குதாரருக்குப் பாதிக்கு மேல் நட்டம். பேச்சை அச்சிட்ட பத்திரிகைகள் இந்த ஒற்றை வகுத்தலையும் கூடவே போட்டிருக்கலாம்.

குளோன் உரிமம் எவ்வளவு கெடுத்தது?

குளோன் என்றால் ஆப்பிளிடம் உரிமம் பெற்று வேறு நிறுவனங்கள் செய்து விற்ற மேக் வகைக் கணினி. பவர் கம்ப்யூட்டிங் போன்ற அந்த நிறுவனங்கள் புது வாடிக்கையாளரைப் பிடிப்பதற்குப் பதிலாக, ஆப்பிளின் லாபம் மிகுந்த உயர்ரக மாடல்களை வாங்கியவர்களைப் பிடித்தன. உரிமத் தொகை அந்த இழப்பை ஈடுகட்டவில்லை. 1997 செப்டம்பரில் பவர் கம்ப்யூட்டிங்கின் உரிமத்தை 10 கோடி டாலர் பங்கு கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள்.

மீட்சி எந்த வரியில் முதலில் தெரிந்தது?

விற்பனையில் இல்லை. 1998 நிதியாண்டில் விற்பனை மேலும் 16 சதவீதம் குறைந்து 594.1 கோடிக்கு வந்தது. ஆனால் லாபம் 30.9 கோடி. நான்கு காலாண்டிலும் லாபம்: 4.7, 5.5, 10.1, 10.6 கோடி. ஐமேக் கடைக்கு வந்தது 1998 ஆகஸ்ட் 15. அதாவது முதல் மூன்று லாபக் காலாண்டுகளுக்கும் ஐமேக்குக்கும் தொடர்பில்லை. ‘ஐமேக் காப்பாற்றியது’ என்று இன்றும் எழுதுவது அன்றைய சாவுச் செய்திகளைப் போலவே அவசரமானது.

தெரிந்தது சரக்கு வரியில். ஆண்டு இறுதி இருப்பை அந்த ஆண்டின் அடக்கச் செலவால் வகுத்து 365ஆல் பெருக்கினால், எத்தனை நாள் சரக்கு கிடங்கில் நிற்கிறது என்று வரும். 1995இல் 177.5 கோடி இருப்பு, சுமார் 79 நாள். 1996இல் 27. 1997இல் 28. 1998இல் இருப்பு 7.8 கோடி, ஆறே நாள். மாடல்களின் எண்ணிக்கையை வெட்டியதும், 1998 மார்ச்சில் காம்பேக் கணினி நிறுவனத்திலிருந்து வந்த டிம் குக் கிடங்குகளை ஒழித்ததும் இந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கின்றன. பழைய சரக்கே இல்லாத இடத்தில் மதிப்பைக் குறைத்து எழுத எதுவும் இல்லை.

ஒரு தொழில்நுட்ப நிறுவனம் ‘மூழ்குகிறது’ என்று செய்தி வந்தால் எந்த வரிசையில் சரிபார்ப்பது?

அமெரிக்கச் சந்தையில் பட்டியலான நிறுவனம் என்றால் பங்குச்சந்தை ஆணையத்தின் எட்கர் தளத்தில் காலாண்டு அறிக்கை (10-கியூ), ஆண்டறிக்கை (10-கே) இரண்டும் இலவசமாகக் கிடைக்கும். ஆப்பிளின் இந்தக் கால அறிக்கைகளும் அங்கே இருக்கின்றன. லாப நட்டக் கணக்கைத் திறக்காமல் முதலில் இருப்புநிலைக் குறிப்புக்குப் போங்கள்.

ரொக்கத்தையும் குறுகிய கால முதலீட்டையும் கூட்டி எழுதுங்கள். அதற்கு எதிரே பன்னிரண்டு மாதத்துக்குள் கட்ட வேண்டிய கடனை எழுதுங்கள். நீண்ட காலக் கடனின் முதிர்வு ஆண்டுகள் பின்குறிப்புகளில் இருக்கும். பிறகு முந்தைய ஆண்டின் அதே காலாண்டோடு விற்பனையை ஒப்பிடுங்கள்; பண்டிகைக் காலாண்டையும் அதற்கு அடுத்ததையும் ஒப்பிட்டால் எந்தக் கணினி நிறுவனமும் விழுவது போலத்தான் தெரியும். நிகர நட்டத்திலிருந்து ஒருமுறைச் செலவுகளைத் தனியே எடுத்து வையுங்கள். ஆனால் எறிந்துவிடாதீர்கள்: ஆப்பிள் 1996, 1997 இரண்டு ஆண்டிலும் மறுசீரமைப்புச் செலவு எழுதியது, ஆண்டுதோறும் வந்தால் அது ஒருமுறைச் செலவு ஆகாது. அடுத்து சரக்கு நாளைக் கணக்கிடுங்கள். கடைசியாகத்தான் பணப்புழக்க அறிக்கை: ரொக்கம் வியாபாரத்திலிருந்து வந்ததா, கடன் வாங்கி வந்ததா, இருப்பைக் கரைத்து வந்ததா என்று மூன்றாகப் பிரியுங்கள்.

1996 செப்டம்பர் அறிக்கையில் இதைச் செய்து பழகலாம். ரொக்கம் ஓராண்டில் 95.2இலிருந்து 174.5 கோடியாக உயர்ந்திருக்கும். மேலோட்டமாகப் பார்த்தால் செழிப்பு. அதே ஆண்டில் சரக்கு இருப்பு 111 கோடி டாலர் குறைந்திருப்பதையும், 66.1 கோடி கடன்பத்திரத்திலிருந்து வந்ததையும் பக்கத்தில் எழுதுங்கள்.